ஊர்க்காக்கையும் அண்டங்காக்கையும்: அறிந்த பின்பே தீர்ப்பு

காக்கையை அறியாதவர் உலகில் ஒருவருமிலர் என்று சொல்லுவது வழக்கம். குழந்தைக்கு முதன்முதலிற் சுட்டிக்காட்டப்படும் பறவை அதுவே. அமாவாசையன்று முதற் கவளம் அதற்கே இடப்படுகிறது. ஆயினும், நாள்தோறும் களத்திலும் கொல்லையிலும் காக்கையைக் கண்டுவரும் குடியானவரை நோக்கி, அவ்வூரில் எத்தனை வகைக் காக்கைகள் உள, அவற்றுள் விதையைப் பறிப்பது எது, கோழிக்குஞ்சைத் தூக்குவது எது, அவை எவ்வெச் சமயத்தில் எவ்வெக் குரலிற் கரைகின்றன என்று வினவினால், திட்டமான விடை கிடைப்பது அரிது. மிகவும் பழகிய பொருளைக் கூர்ந்து நோக்காமை மனித இயல்பு. அவ்வியல்பினால் விளையும் நஷ்டம் சிறிதன்று என்பதே இங்கு எடுத்துரைக்கத் தக்கது.

சென்னை நகரின் மேற்புறத்திலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளைப் பொறுத்தவரையில் இவ்விஷயம் முன்னிலும் முக்கியமானதாகிவிட்டது. அம்பத்தூரில் 1964ஆம் வருஷத்தில் தொழிற்பேட்டை ஏற்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது; 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. ஏரிப்பாய்ச்சலில் நெல் விளைந்த நன்செய்களிற் பெரும்பகுதி மனைகளாகிவிட்டன. எனினும் நேமம், திருமழிசை, செம்பரம்பாக்கம் முதலிய ஊர்ப்பக்கங்களில் நெல்லும் கீரையும் காய்கறியும் பயிராகும் நிலங்கள் இன்றும் அங்கங்கே எஞ்சியிருக்கின்றன. ஒரு வரப்பிற்கு இப்பால் நாற்றங்காலும், அப்பால் வீட்டுமனையும், அதற்கடுத்து மூடாத குப்பைமேடுமாக நிலம் அமைந்துவிட்ட இடத்தில், காக்கைக்கும் குடியானவருக்கும் உள்ள வழக்கு புதிய வடிவம் கொண்டிருக்கிறது.

இவ்வழக்கில் இரு கட்சியினர் உளர். காக்கையை அடியோடு ஒழித்தாலன்றி விதையும் குஞ்சும் தப்பா என்பார் ஒரு சாரார். பிதிரர் வடிவமாகிய பறவையை விரட்டுதலும் பாவம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் காக்கையை உற்றுநோக்காமலே தீர்ப்புக் கூறுகின்றனர். எந்தப் பறவை, எந்தப் பருவத்தில், எந்தக் காரணத்தால் வந்தது என்பதை அறிந்த பின்னரே அதைப் பற்றி முடிவு செய்தல் வேண்டும். அவ்வாறு அறிந்தால், ஒழிக்க வேண்டியது காக்கையன்று, காக்கையைப் பெருக்கும் குப்பையே என்பது தானே விளங்கும்.

இரண்டு காக்கைகள்

இப்பகுதியில் உண்மையான காக்கையினம் இரண்டு. முதலாவது ஊர்க்காக்கை, மணிக்காக்கை என்றும் வழங்கும். நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். நெற்றியும் தொண்டையும் சிறகும் வாலும் பளபளப்பான கறுப்பு. பிடரியும் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். கழுத்திற் சாம்பற் பட்டை சுற்றினாற் போன்ற இவ்வடையாளம் தொலைவிலும் தெரியும். மனிதரின்றி இப்பறவை வாழ்வதில்லை. வீடு, கடை, சந்தை, குப்பைத்தொட்டி, மாட்டுத்தொழுவம் ஆகியவையே அதன் மேய்ச்சல் நிலம்.

இரண்டாவது அண்டங்காக்கை. நீளம் 46 முதல் 48 சென்டிமீட்டர் வரை. உடல் முழுவதும் ஒரே கறுப்பு. சாம்பல் நிறம் எங்கும் இராது. அலகு தடித்து, மேற்புறம் வளைந்திருக்கும். தோப்பு, ஏரிக்கரை, ஊருக்கு வெளியேயுள்ள பெருமரங்கள் ஆகியவற்றை விரும்பும். பெருங்கூட்டமாக ஊருக்குள் மேய்வது குறைவு. பெரும்பாலும் ஒன்றிரண்டாகவே காணப்படும். செத்த பிராணியை நாடி முதலில் வருவனவற்றுள் இதுவும் ஒன்று.

கோழிக்குஞ்சைத் தூக்குதலும், பிற பறவைகளின் கூட்டிலுள்ள முட்டையைக் கவர்தலும் இவ்விரண்டும் செய்வனவே. ஆயினும் தோப்பை அடுத்த கொல்லையில் வலிய அலகோடு வரும் அண்டங்காக்கையிடம் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். களத்தில் உலர்த்திய நெல்லையும், முற்றத்திற் காயும் வடகத்தையும் கருவாட்டையும் சூறையாடுவது பெரும்பாலும் ஊர்க்காக்கைக் கூட்டமே. இந்த வித்தியாசத்தை அறிந்தவர் எதை எவ்விடத்திற் காக்க வேண்டும் என்பதையும் அறிவர்.

மேனாட்டுப் பறவை நூல்களைப் பார்த்துப் பழகிய மாணவர் சிலர், சாம்பற் கழுத்துடைய ஊர்க்காக்கையை ‘ஜாக்டா’ என்று பெயரிட்டுவிடுவதுண்டு. அது பிழை. ஜாக்டா என்பது ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வாழும் சிறு காக்கை. நீளம் சுமார் 34 சென்டிமீட்டரே; கண்மணியைச் சுற்றிய வளையம் வெளிறிய வெண்மையாயிருக்கும்; புகைபோக்கிகளிலும் பாழ்ங்கோபுரப் பொந்துகளிலும் கூடு கட்டும். இந்தியாவில் அதைக் காணவேண்டின் காஷ்மீரத்திற்குச் செல்லவேண்டும். ஊர்க்காக்கையின் கண் கறுத்தது. கூடு திறந்த மரக்கிளையில். கண்ணையும் கூட்டையும் பார்த்தால் ஐயம் தீரும்.

காக்கையல்லாத காக்கைகள்

பெயராலும் நிறத்தாலும் காக்கையென்று மயங்கிப் பழிக்கப்படும் பறவைகள் சில உள. அவற்றை விலக்கியறிதல் குடியானவருக்கு நேரான லாபம்.

கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் சொல்லப்படும் பறவை கறுப்பாயினும் காக்கையினமன்று. மெலிந்த உடலும், மீன்வால் போல் நுனியிற் பிளந்த நீண்ட வாலும் அதன் அடையாளம். மாட்டின் முதுகிலும் கம்பத்திலும் அமர்ந்து பூச்சிகளைப் பறந்து பிடிக்கும். பயிர்ப்பூச்சிகளை உண்ணும் இப்பறவை அமர்வதற்காகவே வயலிற் குறுக்குக் கழி கட்டிய கொம்புகளை நாட்டும்படி வேளாண் துறையினர் கூறுகின்றனர். அதைக் கல்லெறிந்து விரட்டுகிறவர் தம் கூலியாளைத் தாமே விரட்டுகிறவராவர்.

செம்போத்து கருநீல உடலும் செங்கபில நிறச் சிறகும் செந்நிறக் கண்ணும் உடையது. வேலியோரத்தில் நடந்து நத்தை, புழு, பூச்சி, சுண்டெலி முதலியவற்றைத் தின்னும். அது குயிலினத்தைச் சேர்ந்தது. நீர்க்காக்கையோ ஏரியில் மூழ்கி மீன் பிடித்து, பின்பு சிறகை விரித்து உலர்த்துவது, பெயரளவிலேயே காக்கை. வால் காக்கை மட்டும் காக்கைக் குடும்பத்தது. அது செங்கபில உடலும் நீண்ட வாலும் உடையது. தோப்புகளில் வாழ்ந்து பழம், பூச்சி, முட்டை முதலியவற்றை உண்ணும்.

ஆண்குயிலைப் பற்றியும் ஒரு சொல். அது முழுக் கறுப்பு. ஆனால் கண் செந்நிறம், அலகு வெளிறிய பச்சை. காக்கை தரையில் நடந்து மேயும். குயிலோ மரத்தைவிட்டு இறங்குவது அரிது, பழங்களையே பெரிதும் உண்ணும். ஊர்க்காக்கை கூடு கட்டும் கோடையிலேயே பெண்குயில் அக்கூட்டில் முட்டையிடுகிறது. அண்டங்காக்கையின் கூட்டிலும் இடுவதுண்டு. குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்னரே பொரிந்துவிடுவதால், குயிற்குஞ்சு இரையில் முந்திக்கொள்கிறது. காக்கைக் குஞ்சுகள் பல வேளைகளில் மெலிந்து மடிகின்றன. காக்கையின் பெருக்கத்தை இயற்கையே ஓரளவு தடுத்துவைக்கும் ஏற்பாடு இது. குயில் கூவும் தோப்பை வெட்டிவிட்டுக் காக்கை பெருகிற்றே என்று முறையிடுவது பொருந்தாது.

குரலும் நடத்தையும்

பறவைகள் ஒலிப்பதைக் குறிக்கத் தமிழில் கூவுதல், அகவுதல், அலறுதல் எனத் தனித்தனி வினைகள் உள. காக்கைக்குரிய வினை கரைதல். கரைந்து தன் இனத்தை அழைத்து உண்ணும் இயல்பைத் திருக்குறள் 527ஆம் பாட்டிலும், பகலிற் கூகையை வெல்லும் இயல்பை 481ஆம் பாட்டிலும் எடுத்தாண்டிருப்பதும், காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கையைப் பாடியதனால் சங்கப் புலவர் ஒருவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர் பெற்றதும் கற்றோர் அறிந்தவை. முன்னோர் காக்கையின் குரலைக் கவனித்துக் கேட்டனர் என்பதற்கு இவையே சான்று.

ஊர்க்காக்கையின் குரல் மூக்கொலி கலந்த ‘கா, கா’. அண்டங்காக்கையின் குரல் அதனினும் தாழ்ந்து, கனத்து, கரகரப்பானது. கண்ணாற் காணாதபோதும் காதால் இரண்டையும் பிரித்தறியலாம். ஒவ்வொன்றின் குரலும் சமயத்திற்கேற்ப மாறும். பருந்தோ பூனையோ கூட்டை அணுகினால் விரைந்து அடுத்தடுத்துக் கரையும். அது கேட்டுச் சுற்றிலுமுள்ள காக்கைகள் திரண்டு பகையைச் சூழ்ந்து துரத்தும். ஒரு காக்கை இறந்து கிடப்பின், கூட்டம் கூடி அதன் மேல் வட்டமிட்டு இரையும். இதைத் துக்கம் கொண்டாடுவதாக மக்கள் கூறுவர். அமெரிக்கக் காக்கைகளை ஆராய்ந்தோர், இறந்த இடத்தில் என்ன அபாயம் உளது என்பதை அவை அறிந்துகொள்ளும் வகை இது என்று கருதுகின்றனர்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் ஜாக்டாக் கூட்டங்களை ஆராய்ந்து 2022இல் வெளியிடப்பட்ட முடிவொன்று கவனிக்கத்தக்கது. இரவில் ஒரே இடத்திலடையும் நூற்றுக்கணக்கான பறவைகள் விடியற்காலையில் ஒருங்கே எழுந்து பறக்கின்றன. அதற்கு முன் கரையும் ஒலி சிறிது சிறிதாக வலுத்து, ஓரளவை எட்டியதும் கூட்டம் முழுதும் சில நொடிகளிற் கிளம்பிவிடுகிறது. பதிவுசெய்த குரலை ஆராய்ச்சியாளர் ஒலிக்கச் செய்தபோது, வழக்கத்திற்கு முன்னரே கூட்டம் எழுந்தது. அதாவது அக்கூச்சல் வீண் இரைச்சலன்று. கூட்டத்தின் சம்மதத்தை அறியும் முறை. ஏரிக்கரை மரங்களில் மாலையில் வந்தடையும் ஊர்க்காக்கைகளின் இரைச்சலையும் இவ்வாறு பொறுமையோடு கேட்டு ஆராய்வார் வேண்டும்.

காக்கைக்கு ஞாபகம் மிகுதி. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பல்கலைக்கழகத்தார் 2006இல் ஒருவகை முகமூடியணிந்து சில காக்கைகளைப் பிடித்து விட்டனர். பின்பு எவர் அம்முகமூடியை அணிந்து வந்தாலும் அக்காக்கைகள் கண்டு கத்தின. பிடிபடாத காக்கைகளும் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அது வேறு இனமாயினும், அடையாளமறியும் திறமை இந்நாட்டுக் காக்கைக்கும் உண்டென்பதைக் கவண்கல் எடுத்தவர் யாவரும் அறிவர். கொல்லையில் ஒரே இடத்தில் நிற்கும் வைக்கோற் பொம்மை சில நாட்களிற் பயனற்றுப்போவதற்குக் காரணமும் இதுவே.

லாபமும் நஷ்டமும்

காக்கையின் உணவு இன்னதென்று வரையறுக்க இயலாது. 1912இல் பூசா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மேசன், மாக்ஸ்வெல் லெப்ராய் என்னும் இருவர் இந்தியப் பறவைகளின் உணவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பறவைகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்து, அதனுள் இருப்பது பூச்சியா தானியமா என்று கணக்கெடுத்த முறை அது. ஒரு பறவை நன்மை செய்வதா தீமை செய்வதா என்பதை ஊகத்தால் அன்றி, அது உண்பதைக் கண்டே முடிவு செய்யவேண்டும் என்ற கொள்கை அதனால் இந்நாட்டில் வேரூன்றியது. அக்கொள்கை நூறாண்டு கடந்தும் பழுதுபடவில்லை.

ஏர் ஓடும்போதும், இப்பொழுது டிராக்டர் உழும்போதும், பின்னால் நடந்து வெளிப்படும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் காக்கை பொறுக்குகிறது. ஈசல் புறப்படும் மாலையில் அவற்றைத் தின்கிறது. அறுவடைக்குப் பின் தாளடியில் வெட்டுக்கிளியையும் சுண்டெலியையும் பிடிக்கிறது. செத்த எலி, தவளை, பிராணிகளின் குடல் முதலியவற்றை அழுகுமுன்னரே அகற்றுகிறது. மாட்டின் மேலுள்ள உண்ணியைக் கொத்துகிறது. இவை லாபக் கணக்கு.

நஷ்டக் கணக்கும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. நிலக்கடலை விதைத்த சில நாட்களில் விதையையும் முளையையும் பறிக்கிறது. நாற்றங்காலில் முளைகட்டி விதைத்த நெல்லைத் தின்கிறது. பழுக்குந் தறுவாயிலுள்ள பழங்களைக் கொத்திக் கெடுக்கிறது. கோழிமுட்டையையும் குஞ்சையும் தூக்குகிறது. மாட்டின் கழுத்திற் புண் இருப்பின், அதைக் கொத்திப் பெரிதாக்குகிறது. இரும்புக்கம்பித் துண்டுகளைக் கொண்டு மின்கம்பத்திற் கூடு கட்டி மின்சாரம் தடைப்படவும் செய்கிறது.

இவ்விரு கணக்கையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பின், ஓர் உண்மை புலப்படும். நஷ்டம் குறிப்பிட்ட சில நாட்களில், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேர்வது. அவ்வந்நாளில் அவ்வவ்விடத்தைக் காத்தால் தடுக்கக்கூடியது. லாபமோ ஆண்டு முழுதும் பரவி, கூலியின்றிக் கிடைப்பது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களிலும் நாற்றங்காலைக் காக்கவேண்டிய நாட்கள் சிலவே. அதற்காக ஆண்டு முழுதும் பகை கொள்வது கணக்கறிந்தவர் செயலன்று.

சட்டமும் விஷமும்

கிராம உத்தியோகஸ்தர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சாதாரணக் காக்கையும் கேடுசெய்யும் பிராணியாகக் கூறப்பட்டிருந்தது. ஆகையால் அதைக் கொல்வதற்குத் தடையில்லை என்ற எண்ணம் ஊர்களில் நிலைத்துவிட்டது. ஆனால் 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 1-4-2023 முதல் அமலுக்கு வந்தது. கேடுசெய்யும் பிராணிகளுக்கென்றிருந்த அட்டவணை அதனால் நீங்கிவிட்டது. இனி ஒரு வனப்பிராணியை ஓரிடத்திற் கேடுசெய்வதென்று அறிவிக்க மத்திய அரசின் அறிவிக்கை வேண்டும். ஊராட்சித் தலைவரோ, கிராம நிர்வாக அலுவலரோ, நிலச்சொந்தக்காரரோ தாமாகவே காக்கையை ஒழிக்க ஏற்பாடு செய்தல் கூடாது. பழைய எண்ணத்தைக் கொண்டு பிறருக்கு அனுமதி கூறுவோர் தம்மையும் அவர்களையும் இடரில் மாட்டுவோராவர். ஐயமிருப்பின் வனத்துறையினரைக் கேட்டறிதலே முறை.

சட்டம் ஒருபுறமிருக்க, விஷம் வைத்தல் அறிவுக்கும் பொருந்தாது. குருணை மருந்து கலந்த சோற்றை வரப்பில் வைத்தால், அதை உண்பது விதையைப் பறித்த காக்கைதான் என்பதற்கு உறுதியில்லை. மைனாவும் புறாவும் உண்ணும். கீரியும் நாயும் உண்ணும். மேயவிட்ட கோழியும் உண்ணும். விஷமுண்டு செத்த எலியையும் பறவையையும் தின்ற ஆந்தை மடியும். ஓர் ஆந்தையை இழந்த வயல் எத்தனை எலிகளைப் பெறும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விஷம் வாய்க்கால் வழியே குளத்திற் கலப்பது வேறு கேடு.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பறவைக் காய்ச்சல் என்னும் கொடிய நோய் பரவும்போது, அதை முன்னறிவிப்பது பல வேளைகளிற் காக்கையே. 2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் இராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் கூட்டமாக மடிந்ததிலிருந்தே அந்நோய் வெளிப்பட்டது. விஷம் வைக்கும் பழக்கமுள்ள ஊரில் காக்கை செத்துக்கிடந்தால், ‘எவரோ மருந்து வைத்திருக்கிறார்’ என்று எவரும் பொருட்படுத்தார். அவ்வலட்சியத்தால் நோய் கோழிப்பண்ணையை எட்டிவிடக்கூடும். விஷம் வைக்காத ஊரிலோ, பத்துக் காக்கைகள் ஒருங்கே மடிந்தால் அது உடனே செய்தியாகும், கால்நடை மருத்துவர் வந்து சோதிப்பார், கோழிகள் காக்கப்படும். ஆதலின் காக்கைக்கு விஷம் வைப்பவர் ஊரின் காவற்காரனைக் கொல்பவராவர்.

அயல்நாட்டுப் படிப்பினை

காக்கையைக் கொல்லவேண்டுமென்போர் வெளிநாடுகளை உதாரணம் காட்டுவதுண்டு. அவ்வுதாரணம் உண்மையே, ஆனால் அதிலிருந்து அவர்கள் கொள்ளும் முடிவு தவறு. 1890களில் கிழக்காப்பிரிக்காவின் ஜான்ஸிபார் தீவிற்கு, குப்பையைத் தின்று துப்புரவாக்கும் என்று கருதி, இந்திய ஊர்க்காக்கை கொண்டுபோகப்பட்டது. அக்காலத்தையொட்டியே, காப்பித் தோட்டங்களிற் புழுவைத் தின்னுமென்று இலங்கையிலிருந்து மலேயாவின் கிள்ளான் பகுதிக்கும் அது கொண்டுசெல்லப்பட்டது. ஈரிடத்தும் காக்கை அளவின்றிப் பெருகி, உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அழிக்கலாயிற்று. கென்ய அரசாங்கத்தார் 2024இல் பத்து இலட்சம் காக்கைகளைக் கொல்ல உத்தேசித்திருப்பதாக அறிவிக்கும் நிலை வந்தது.

அந்நாடுகளில் ஊர்க்காக்கை அந்நியப் பறவை. கிழக்காப்பிரிக்காவில் அதன் கூட்டில் முட்டையிட இந்நாட்டுக் குயில் இல்லை. இந்நாட்டிலோ அது தொன்றுதொட்டு வாழ்வது. குயிலோடும் கூகையோடும் பருந்தோடும் பிற பறவைகளோடும் ஒரு கணக்கிற் கட்டுப்பட்டது. அங்கே செய்வதை இங்கே செய்தல் பொருந்தாது. எனினும் ஈரிடத்திற்கும் பொதுவான படிப்பினை ஒன்றுண்டு. திறந்த குப்பை எங்குளதோ அங்கே ஊர்க்காக்கை பெருகும். குப்பை இருக்கும் வரையில், கொன்ற காக்கையின் இடத்தை அடுத்த கோடையிற் புதிய காக்கை நிரப்பிவிடும்.

பயிருக்குப் பகையென்று ஒரு பறவையைக் கண்மூடி அழித்ததன் பலனைச் சீனதேசம் 1958க்குப் பின் அனுபவித்தது. சிட்டுக்குருவிகளைக் கோடிக்கணக்கிற் கொன்ற பின்னர், அவை தின்றுவந்த பூச்சிகள் பெருகிப் பயிரை அழித்தன. பின்பு குருவியை அந்தப் பகைவர் பட்டியலினின்று நீக்க நேர்ந்தது. பிறர் பட்டறிந்ததைத் தாமும் பட்டே அறியவேண்டுமென்பதில்லை.

செய்ய வேண்டுவன

நிலச்சொந்தக்காரர்கள் கவனிக்கத்தக்கவை சில. நாற்றங்காலும் கடலைக்கொல்லையும் விதைத்தவுடன் முளை நிலைக்கும் வரையில் காலையிலும் மாலையிலும் ஆள் நிறுத்திக் காத்தல் வேண்டும். காகிதப் பளபளப்பு நாடா, தகரம், பொம்மை முதலியன வைப்போர் இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை இடத்தையும் உருவத்தையும் மாற்றுதல் நலம். சிறு குஞ்சுகளைப் பஞ்சாரத்தின் கீழோ வலையின் கீழோ வளர்த்து, இறகு முளைத்து ஓடும் பருவத்தில் வெளியே விடலாம். மாட்டின் புண்ணிற்கு உடனே மருந்திட்டு, துணியால் மூடவேண்டும். களத்தில் நெல் உலர்த்தும்போது கிழவரோ சிறுவரோ ஒருவர் கோலோடு அமர்ந்திருந்த பழைய வழக்கம் கைவிடத்தக்கதன்று.

வேம்பு, புளி, இலுப்பை முதலிய பெருமரங்களை வெட்டாது காத்தல் காக்கைக்கு மட்டுமன்றிக் குயிலுக்கும் ஆந்தைக்கும் இடமளிக்கும். கோடைக்கு முன்பே வீட்டைச் சுற்றியுள்ள கம்பித்துண்டுகளைப் பொறுக்கி அகற்றினால், மின்கம்பத்தில் இரும்புக்கூடு அமைவது குறையும். கம்பத்தில் அமைந்துவிட்ட கூட்டைத் தாமே கலைக்க முயல்வது உயிருக்கு அபாயம். மின்வாரியத்தாரிடம் தெரிவித்தலே முறை.

கிராம உத்தியோகஸ்தர்களின் பொறுப்பு இதனினும் பெரிது. மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கி, எருக்குழியில் இட்டு மண்ணால் மூடச் செய்தல் வேண்டும். தூய்மைக் காவலர்கள் கொண்டுவரும் குப்பை ஏரிக்கரையிற் கொட்டப்படுவதைத் தடுக்கவேண்டும். இறைச்சிக்கடைக் கழிவை அன்றன்றே புதைக்கச் செய்யவேண்டும். அவ்வெருவே வயலுக்குத் திரும்பினால், காக்கைக்குப் போன உணவு நெல்லுக்குப் போகும்.

காக்கையோ வேறு பறவையோ ஒரே நாளிற் பல மடிந்து கிடப்பின், அவற்றை வெறுங்கையாற் றொடாமலும், நாய் பூனை தின்னாமலும் காத்து, உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்கவேண்டும். அத்தகவலில் பறவை இன்னதென்று குறிப்பிடல் அவசியம். ‘கறுப்புப் பறவைகள் செத்தன’ என்ற செய்தி எவருக்கும் பயன்படாது. ‘சாம்பற் கழுத்துடைய ஊர்க்காக்கை இத்தனை, அண்டங்காக்கை இத்தனை, இன்ன சர்வே எண்ணில், இன்ன தேதியில்’ என்று எழுதியனுப்பினால், மருத்துவர் வேலை பாதி முடிந்தது போலாகும். பறவையை இனம் பிரித்தறிதல் பொழுதுபோக்குப் போலத் தோன்றினும், இவ்விடத்தில் அது ஊர்க்காவலின் ஒரு பகுதியாகிறது.

இதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. மாதத்திற்கொருமுறை, பொழுது சாயும் வேளையில், ஏரிக்கரையில் அரைமணி நேரம் நின்று, எத்திசையினின்று எத்தனை காக்கைகள் அடைய வருகின்றன என்று எண்ணிக் குறித்தால் போதும். ஓராண்டுக் குறிப்பைப் பார்த்தால், குப்பை எவ்விடத்திற் குவிகிறது, மரம் எவ்விடத்திற் குறைந்தது என்பவை தாமே தெரியவரும். பள்ளிச் சிறுவர்களைக் கொண்டும் இவ்வேலையைச் செய்விக்கலாம்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையிலுள்ள நிலம் இனியும் குறையக்கூடும். எஞ்சிய நிலத்தில் உழுபவரும், அருகில் வீடு கட்டிக் குடியேறியவரும், இருவரிடமும் உண்ணும் காக்கையும் ஓரூரார். அவற்றுள் தன் நடத்தையைத் தானே மாற்றிக்கொள்ள வல்லவன் மனிதன் ஒருவனே. குப்பையை மூடி, விதையைக் காத்து, விஷத்தை விலக்கிய ஊரில், அமாவாசையன்று அழைத்தவுடன் வரும் அளவிற்குக் காக்கை இருக்கும். களத்து நெல்லைச் சூறையாடும் அளவிற்குப் பெருகாது. அந்த அளவை நிலைநிறுத்துதல் ஊராரின் கையிலேயே உள்ளது.